ஆயாவின் களியும் மூன்று நிமிட ஓட்ஸும்

போன மாதம் அரூரில் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "சார், காலையில இட்லி தோசையைக் குறைச்சுக்கோங்க, ஓட்ஸ் சாப்பிடுங்க" என்றார். அன்று மாலையே போனில் செய்தி பெங்களூர் போய், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகள் பை நிறைய மசாலா ஓட்ஸ் பாக்கெட்டோடு வந்து இறங்கினாள். "மாமா, வெந்நீர் ஊத்தி மூணு நிமிஷம் வெச்சா போதும்."

சாப்பிட்டேன். வழவழவென்று, ருசியாகத்தான் இருந்தது. ஆனால் சரித்திர வாத்தியாராக முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தட்டில் எது விழுந்தாலும் இது எப்போது, எங்கிருந்து, ஏன் வந்தது என்று கேட்கத் தோன்றும்.

என் ஆயா காலத்தில் தீர்த்தமலையில் காலைச் சாப்பாட்டுக்கு மூன்று நிமிஷம்கூட ஆகாது. சிரிக்காதீர்கள், நிஜம். முந்தின நாள் ராத்திரி கிண்டிய ராகிக் களியில் மிச்சத்தை உருட்டிப் பானைத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். காலையில் அதைக் கரைத்து, மோர் விட்டு, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுக் காட்டுக்குப் போக வேண்டியதுதான். அடுப்பே பற்ற வைக்க வேண்டாம். ஊறி லேசாகப் புளித்த தானியத்தில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் உடம்பில் சுலபமாகச் சேரும் என்கிறார்கள். வெந்து ஆறிய மாவுச்சத்தில் ஒரு பகுதி சீக்கிரம் சர்க்கரையாக மாறாது என்றும் சொல்கிறார்கள். ஆயாவுக்கு இதெல்லாம் தெரியாது. விறகு மிச்சம் என்பதுதான் அவள் கணக்கு.

ராகிதான் இந்தப் பக்கத்துச் சாப்பாடு, மலைப்பக்கம் போனால் சாமை. மானாவாரி நிலம், பெய்தால் பெய்யும் மழை. ராகிக்கு அது போதும். குதிரில் கொட்டி வைத்தால் வருஷக்கணக்கில் பூச்சி பிடிக்காது. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் பழைய சேலம் ஜில்லா பட்ட பாடு கொஞ்சமல்ல. 1871 கணக்கெடுப்பைவிட 1881-ல் ஜில்லாவின் ஜனத்தொகையே குறைந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு குதிரில் ராகி இல்லாத வீட்டில் பெண் கொடுக்க யோசித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நெல்லுச்சோறு பொங்கலுக்கு, மாசித் தேருக்கு, விருந்தாளி வந்தால். இட்லி தீபாவளிக்கு. என் வயதுக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெளியூர்த் தானியம் இங்கே வந்தது ஓட்ஸோடு ஆரம்பித்ததல்ல. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரங்கூன் அரிசி நின்று, சென்னை ராஜதானி முழுக்க ரேஷன் வந்தது. 1952-ல் ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்தார். நான் பள்ளிக்கூடத்தில் படித்த 1960-களில் காமராஜர் மதிய உணவில் மஞ்சள் மக்காச்சோள ரவை உப்புமா போடுவார்கள், கூடவே பால் பவுடரில் கரைத்த பால். எல்லாம் அமெரிக்காவிலிருந்து 'கேர்' என்ற அமைப்பு அனுப்பியது. அந்த உப்புமா வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஆக, அமெரிக்கக் கஞ்சி எனக்குப் புதிதல்ல.

உண்மையில் களியைத் தட்டிலிருந்து தள்ளியது அரிசிதான். 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படி அரிசி என்ற பேச்சு ஆட்சியையே மாற்றியது. அந்தத் திட்டம் முதலில் சென்னையிலும் கோவையிலும்தான் நடந்தது. 1972-ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது, அப்புறம் கிராமத்துக்குக் கிராமம் ரேஷன் கடை. 2006-ல் கிலோ இரண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பசி என்றால் என்னவென்று பார்த்தவன் நான். ரேஷன் அரிசி எத்தனையோ அடுப்பைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதோடு சேர்ந்து ஒரு வெட்கமும் வந்தது. பள்ளிக்கூடத்தில் தூக்குப்போசியில் களி கொண்டுவந்த பையன் மூடியை முழுக்கத் திறக்காமல் சாப்பிடுவான். சோறு திங்கிற வீடு என்றால் வசதியான வீடு. நிலத்திலும் ராகி போய் மரவள்ளியும் கரும்பும் வந்தன.

இப்போது ஓட்ஸ் கதையைக் கேளுங்கள். 1850-களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊரில், ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்த ஃபெர்டினாண்ட் ஷூமாக்கர் என்பவர் ஓட்ஸை உடைத்து விற்க ஆரம்பித்தார். அங்கே அப்போது அது குதிரைத் தீனி. மனிதன் தின்பதா என்று கேலி செய்தார்கள். பிறகு உள்நாட்டுப் போர் வந்து பட்டாளத்துக்கு வாங்கினார்கள், வியாபாரம் பிடித்துக்கொண்டது. 1877-ல் குவேக்கர் என்ற பெயர் பதிவானது. 1922-ல் சீக்கிரம் வேகும் ஓட்ஸ், 1966-ல் வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற ரகம். நம் ஊரில் களி வெட்கப்பட்டுப் போன அதே காலத்தில் அங்கே குதிரைத் தீனி கௌரவம் பெற்றுக்கொண்டிருந்தது.

ஓட்ஸில் நல்லது உண்டு, அதை மறுக்கக் கூடாது. அதில் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. அந்த வழவழப்பே அதுதான். ஒரு நாளைக்கு 3 கிராம் சேர்ந்தால் ரத்தக் கொழுப்பு குறையும் என்று 1997-ல் அமெரிக்க அரசே பாக்கெட்டில் எழுத அனுமதித்தது. அந்த 3 கிராமுக்கு ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். மருமகள் கொண்டுவந்த பாக்கெட்டோ சுமார் 40 கிராம், அதிலும் மசாலா, மாவு, உப்பு எல்லாம் சேர்த்து. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் சோடியம் என்று ஒரு கணக்கு இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. ஒரு நாளைக்கே 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்களைப் போல் பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு அந்தப் பொடி எழுத்தை ஒரு தரம் படியுங்கள்.

இன்னொன்று. தானியத்தைத் துண்டாக வெட்டியதோடு விட்டால் வயிற்றுக்கு வேலை இருக்கும். அவித்து, மெல்லிசாக நசுக்கி, வேகவைத்துக் காய வைத்துவிட்டால் பாதி ஜீரணம் ஆலையிலேயே முடிந்துபோகிறது. எவ்வளவு வேகமாகச் சர்க்கரை ஏறும் என்று கணக்கிடும் கிளைசீமிக் இண்டெக்ஸில், வெட்டிய ஓட்ஸ் 55 பக்கம் நிற்கும். உடனடி ஓட்ஸ் 75-ஐத் தாண்டிவிடுகிறது. டாக்டர் சொன்ன ஓட்ஸ் வேறு, என் கிண்ணத்தில் விழுந்தது வேறு.

இதனால் ராகிக்கு நான் கொடி பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 100 கிராம் ராகியில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, அரிசியில் 10-தான். ஆனால் மெஷினில் மைதா மாதிரி அரைத்த ராகியில் காய்ச்சிய கஞ்சியும் சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றும். ஆயா திருகையில் அரைத்தது கொரகொரவென்று தவிட்டோடு இருக்கும், கூடக் கீரைக் கடைசல், கொள்ளு. அதோடு அவள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கவில்லை. 2023-ல் வந்த பெரிய ஆய்வு ஒன்று நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. அவர்களில் ஒருவனான நான் தினம் நடப்பது பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான்.

அதே 2023-ல் நீலகிரியிலும் நம் தர்மபுரி மாவட்டத்திலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி போட ஆரம்பித்தார்கள். நான் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்ற அம்மா, "இதை எவ கிண்டறது சாமி, அரிசியே போடுங்க" என்றார். நான் மனசுக்குள் கோபப்பட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஆயாவின் ஞாபகம் வந்தது. கோழி கூப்பிடுமுன் திருகைச் சத்தம் கேட்கும். பானையைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்பால் கிண்டுவாள், வேர்வை மூக்கு நுனியில் நிற்கும். நாங்கள் ருசித்த களி அவள் தோள்பட்டையிலிருந்து வந்தது. உனக்கு வலிக்கிறதா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அந்த அம்மா சொன்னதில் என்ன தப்பு?

மருமகளிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மசாலா இல்லாத, கொஞ்சம் நேரம் வேகவைக்கிற ஓட்ஸ் வாங்கி அனுப்பினாள். வாரத்தில் மூன்று நாள் அதில் பாசிப்பயறும் கீரையும் போட்டுச் சாப்பிடுகிறேன். மற்ற நாளில் களி வேண்டும் என்று வீட்டில் கேட்டேன். "வேணும்னா நீங்களே கிண்டுங்க" என்று துடுப்பைக் கையில் கொடுத்துவிட்டாள் என் மனைவி. நான்கு தடவை கிண்டிவிட்டேன். இன்னும் கட்டி தட்டுகிறது. நொய்யை முதலில் குழைய விட வேண்டுமாம், மாவைக் கொட்டியதும் உடனே கிளறக் கூடாதாம். வேறு பக்குவம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.