மச்சான் கையில் கயிறு

சில வருஷங்களுக்கு முன், நாவல் ஒன்றுக்குக் குறிப்பு எடுப்பதற்காகத் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். முத்துச் சலாபம் அங்கே 1961-ஆம் ஆண்டோடு நின்று போயிற்று. ஆனாலும் அந்தக் காலத்துக் கதை தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரோடு கடற்கரையில் உட்கார்ந்து பேசினேன். அரை மணி நேரத்தில் மூன்று சிகரெட் தீர்ந்தது.

"தம்பி, மூச்சைப் பிடிங்க பார்ப்போம்," என்றார் பெரியவர்.

அவர் எண்ணத் தொடங்கினார். முப்பதுக்குள் எனக்கு இருமல் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை, அதுதான் உறைத்தது.

அந்த வெட்கத்தில்தான் புகையிலையின் சரித்திரத்தைப் புரட்டினேன். அமெரிக்காவில் பிறந்த இந்தச் செடியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர். 16-ஆம் நூற்றாண்டில் இதே முத்துக்கரையில் ஆதிக்கம் செலுத்தியவர்கள். அவர்களுடைய லிஸ்பன் நகரில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ, இது நல்ல மருந்து என்று நம்பி 1560-இல் தம் நாட்டு அரசவைக்கு அனுப்பிவைத்தார். 1828-இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் இருவர் இதிலிருந்து ஒரு நஞ்சைப் பிரித்தெடுத்தபோது, அதற்கு அவர் பெயரே நிலைத்தது: நிக்கோட்டின். நாமும் சும்மா இருக்கவில்லை. நம்முடைய சுருட்டு என்ற சொல்லை ஆங்கிலத்துக்குக் கொடுத்து 'செரூட்' ஆக்கினோம்!

இந்த நஞ்சு, புகையை இழுத்த சில விநாடிகளிலேயே மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே ஒரு சிறிய சுகத்தைத் தருகிறது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலே அதன் அளவு பாதியாகிறது. உடனே எரிச்சல், தவிப்பு, மறுபடியும் தீப்பெட்டி. நாம் புகைப்பது பெரும்பாலும் இன்பத்துக்காக அல்ல, இந்தத் தவிப்பைத் தணிப்பதற்காகத்தான். இது வெறும் பழக்கமல்ல, அடிமைத்தனம் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 1988-இல் அறிக்கையே வெளியிட்டார்.

நானோ இதை என் மன உறுதியின் பரீட்சை என்று நினைத்திருந்தேன். மூன்று முறை சத்தியம் செய்தேன். மூன்றும் ஒரு வாரம் தாண்டவில்லை. முதல் சில நாட்கள்தாம் தவிப்பு உச்சத்தில் இருக்கும், சில வாரங்களில் தணிந்துவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு டாக்டரிடம் போனேன். நிக்கோட்டின் கலந்த பசை மிட்டாய் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதற்கும் கடலோடு உறவு உண்டு. 1967-இல் ஸ்வீடனில் க்ளாஸ் லுண்ட்கிரேன் என்ற ஆராய்ச்சியாளர், நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் புகைக்க முடியாதபோது புகையிலையை வாயில் அடக்கிச் சமாளிப்பதைக் கவனித்து, மருந்து தயாரிக்கும் நண்பர் ஓவே ஃபெர்னோவுக்கு எழுதினாராம். அதிலிருந்து பிறந்தது இது. புகையின் கேடு இல்லாமல் தவிப்பை மெல்ல மெல்ல இறக்கி வைக்கும்.

மருந்தைவிட, வாரந்தோறும் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டதுதான் எனக்கு உதவிற்று. இப்போது அரசாங்கமே 1800-11-2356 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை சொல்கிறது. 2018 முதல் சிகரெட் பெட்டியிலேயே அதை அச்சிடுகிறார்கள்.

விடைபெறும்போது அந்தப் பெரியவர் ஒன்று சொல்லியிருந்தார். முத்துக் குளிக்கிறவன் கல்லின் பாரத்தில் கீழே இறங்குவான். தோணியிலே கயிற்றைப் பிடித்திருப்பவன் அவன் மச்சான். தங்கையின் தாலி அல்லவா? கையை விடமாட்டான்.

எத்தனை சூரனானாலும், கயிறு இல்லாமல் யாரும் அங்கே குதித்ததில்லை.