கண்டுபிடித்ததைப் பொதுவாக்கிய ஆண்டு: 1966

முதல் உலகத் தமிழ் மாநாடு பற்றிக் கேட்டால் நம் மாணவர்கள் டக்கென்று சொல்லிவிடுவார்கள்: கோலாலம்பூர், 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை, முன்னின்று நடத்தியவர் தனிநாயக அடிகள். தேர்வுக்கு இது போதும். ஆனால் அதே ஆண்டில், அதே கோலாலம்பூரில் அடிகளார் இன்னும் இரண்டு நூல்களை வெளியிட்டார். அவற்றைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. வரலாறு படிப்பவர்களுக்கு அவற்றில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

முதலாவது ஓர் அகராதி. போர்த்துகலிலிருந்து வந்த இயேசு சபைப் பாதிரியார் அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ் – போர்த்துகீசிய அகராதி அது. அவர் 1666இல் இறந்துபோனார். நூல் 1679இல்தான் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சானது. 16,000க்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்டது. இன்று நமக்குத் தெரிந்து அதன் ஒரே படி வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. 1950களில் அடிகளார் அதை அங்கே கண்டார்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அடுத்து என்ன? அந்த நூலை வைத்து நான்கு கட்டுரை எழுதிப் பெயர் வாங்கியிருக்கலாம். வேறு யாராவது பார்க்க வேண்டுமென்றால் உரோமாபுரிக்குப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். அடிகளார் அப்படிச் செய்யவில்லை. மூலப் பக்கங்களை அப்படியே படியெடுத்து, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் வழியாக 1966இல் வெளியிட்டார். அதன்பின் 17ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சொற்களை ஆராய விரும்பும் எவரும், அவர் சொன்னதை நம்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை; தாமே பக்கத்தைப் புரட்டிச் சரிபார்க்கலாம்.

இரண்டாவது, தமிழியல் நூல்களுக்கான ஆங்கில வழிகாட்டி. தமிழைப் பற்றி எந்தெந்த நூல்கள் வந்துள்ளன என்று திரட்டித் தந்த நூல். இதை மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. இதில் அடிகளாரின் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. பிறர் தேடும் நேரத்தை மிச்சப்படுத்தும் உழைப்பு மட்டுமே இருக்கிறது. தமிழே தெரியாத ஆய்வாளருக்கும் ஒரு கதவு திறந்தது.

இதே எண்ணம் இன்னொருவரிடம் வேறு வடிவில் வெளிப்பட்டது. ஐராவதம் மகாதேவன், இந்திய ஆட்சிப் பணியில் இருந்த தமிழர். சிந்துவெளி எழுத்துகளை ஆராய்ந்தவர். அவை திராவிட மொழியைச் சேர்ந்தவை என்பது அவர் கருத்து. ஆனால் 1977இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட அவருடைய பெரிய நூல் அந்தக் கருத்தை வாதாடும் நூல் அன்று. முத்திரைகளில் உள்ள எழுத்துத் தொடர்கள், 417 குறிகளின் பட்டியல், எந்தக் குறி எங்கெங்கே வருகிறது என்ற அட்டவணைகள், இவையே அதில் உள்ளன. கணினியின் துணையோடு தொகுத்தவை.

32 ஆண்டுகள் கழித்து, 2009இல், மும்பை, சென்னை, அமெரிக்க ஆய்வாளர்கள் மகாதேவனையும் சேர்த்துக்கொண்டு ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குறிகள் அடுத்தடுத்து வரும் ஒழுங்கு மொழியின் ஒழுங்கைப் போல இருக்கிறது என்றது அந்த ஆய்வு. அதற்கு அடிப்படையாக அமைந்தது அவருடைய 1977 தொகுப்பு. அந்த முடிவை மறுத்தவர்களும் உண்டு. மறுக்கட்டுமே! தரவு வெளியே இருப்பதால்தான் மறுக்கவும் முடிகிறது. தரவு பெட்டிக்குள் இருந்தால் நம்புவதா வேண்டாமா என்பது மட்டும்தான் மிஞ்சும்.

இன்று ஆய்வுலகம் இதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. 2016இல் வெளியான ‘ஃபேர்’ கோட்பாடுகள் சொல்வது இதுதான்: தரவைத் தேடினால் கிடைக்க வேண்டும், அணுகும் வழி தெளிவாக இருக்க வேண்டும், மற்றத் தரவுகளோடு இணைத்துப் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும், மறுபடியும் பயன்படுத்த ஏற்றதாக இருக்க வேண்டும். அடிகளாரின் வழிகாட்டி முதல் நிபந்தனைக்கும், அகராதிப் படி இரண்டாவதற்கும், மகாதேவனின் அட்டவணைகள் கடைசி இரண்டுக்கும் நல்ல எடுத்துக்காட்டுகள். மாணவர்கள் கட்டுரையில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. செனாய், கூலாய் வட்டாரத்தில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். வட்டார வரலாறு பற்றிய இடுபணிக்காக மாணவர்கள் அவர்களைப் பேட்டி காண்கிறார்கள், பழைய படங்களைத் திரட்டுகிறார்கள். புள்ளி போட்டு முடிந்ததும் அவை எங்கே போகின்றன? அலமாரிக்குள். பிறகு பழைய பேப்பரோடு போய்விடும். அடுத்த ஆண்டு மாணவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். அதற்குள் பேசிய பாட்டி இருக்கமாட்டார்.

ஆகவே ஒவ்வொரு இடுபணியோடும் ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லுங்கள். யார் பேசினார், எந்த நாள், எந்த இடம், யார் பதிவு செய்தது, பேசியவர் எதற்கெல்லாம் அனுமதி தந்தார் என்று அதில் இருக்கட்டும். பெயர் வேண்டாம் என்றால் பெயரை விட்டுவிடலாம். ஒலிப்பதிவுக்கு ‘பேட்டி 1’ என்று பெயர் வைக்காமல், இடமும் ஆண்டும் தெரியும்படி வைக்கலாம். படி ஒன்று பள்ளி நூலகத்தில், இன்னொன்று இணையச் சேமிப்பில். மொத்தப் பட்டியல் ஒன்றும் வேண்டும். பட்டியல் இல்லாத சேமிப்பில் யாராலும் எதையும் தேட முடியாது.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. வத்திக்கானில் ஒரே ஒரு படியாக இருந்ததைப் பலர் கைக்குக் கொண்டுவந்தவர் நம் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். நம் அலமாரியில் ஒரே ஒரு படியாகக் கிடப்பதை நாம் வெளியே கொண்டுவரலாமே.