ரன்னிங் பேக்குக்கு என்ன விலை கொடுக்கலாம்? கால்களை வைத்து என்.எஃப்.எல் அணிகள் போடும் கணக்கு

2022 அக்டோபர் 20, வியாழக்கிழமை இரவு. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-லில் ஒரு பெரிய கைமாற்றம் நடந்தது. கரோலினா பாந்தர்ஸ் அணியின் நட்சத்திரம் கிறிஸ்டியன் மெக்கஃப்ரி, சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணிக்குப் போனார். பதிலுக்கு பாந்தர்ஸுக்கு ஒரு வீரர்கூட வரவில்லை. கிடைத்தது எல்லாம் 2023 டிராஃப்டில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ரவுண்டு பிக்குகளும், 2024-ல் ஒரு ஐந்தாவது ரவுண்டு பிக்கும்தான்.

முதல் ரவுண்டு பிக் ஒன்றுகூட இல்லை. லீக்கின் தலைசிறந்த ரன்னிங் பேக்குகளில் ஒருவர், வயது 26. அப்புறம் ஏன் இவ்வளவு 'குறைந்த' விலை? இல்லை, இதுவே அதிக விலையா? அன்று அமெரிக்காவில் இரண்டு விதமாகவும் பேசினார்கள்.

ரன்னிங் பேக் என்றால் யார்?

என்.எஃப்.எல் ஆட்டத்தில் ஒரு அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பந்தை 10 யார்டு முன்னே நகர்த்த வேண்டும். குவார்ட்டர்பேக் பந்தை வீசலாம், இல்லையென்றால் பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கின் கையில் கொடுக்கலாம். வாங்கியவர் எதிரணியின் தடுப்புச் சுவருக்குள் புகுந்து ஓட வேண்டும். 130, 140 கிலோ எடையுள்ள ஆட்கள் மேலே வந்து விழுவார்கள். ஒரே ஆட்டத்தில் 20 முறை இது நடக்கலாம்.

இந்த லீக்கில் வீரர்களைக் காசுக்கு விற்க முடியாது. ஐபிஎல் மாதிரி ஏலமும் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடக்கும்; 32 அணிகள், 7 ரவுண்டு. அந்த வரிசையில் ஒரு அணிக்குக் கிடைக்கும் இடம்தான் 'பிக்'. வீரரைக் கொடுத்து பிக் வாங்குவதும், பிக் கொடுத்து வீரரை வாங்குவதும்தான் ட்ரேடு. பிக்குதான் இங்கே கரன்சி.

பிக்குக்கு என்ன மதிப்பு?

இதற்கு ஒரு அட்டவணையே இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் நிர்வாகத்தில் இருந்த மைக் மெக்காய் தயாரித்தது. ஆனால் பெயர் என்னவோ பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் மீது ஒட்டிக்கொண்டது. முதல் பிக்குக்கு 3000 புள்ளி, 16-வது பிக்குக்கு 1000, 100-வது பிக்குக்கு 100. இன்று அணிகள் ஆளுக்கொரு அட்டவணை வைத்திருக்கின்றன. ஆனாலும் ஒரு குத்துமதிப்புக்கு இது போதும்.

மெக்கஃப்ரிக்குக் கொடுத்த 2023 பிக்குகள் கடைசியில் 61, 93, 132-வது இடங்களாக அமைந்தன. அட்டவணைப்படி 292, 128, 40. கூட்டினால் 460. அது 44-வது பிக் ஒன்றின் மதிப்பு. அதாவது இரண்டாவது ரவுண்டின் நடுப்பகுதி. ஒரு சூப்பர் ஸ்டாருக்கு அவ்வளவுதான்!

பழைய காயம் ஒன்று

அணிகள் இப்படிக் கையை இறுக்கிக்கொள்வதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1989 அக்டோபரில் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணி, 'ஒரே ஒரு ரன்னிங் பேக் கிடைத்தால் கோப்பை நமக்குத்தான்' என்று நம்பியது. டல்லாஸின் ஹெர்ஷல் வாக்கரை வாங்க 5 வீரர்களையும் டிராஃப்ட் பிக்குகளையும் கொடுத்தது. இதில்தான் ட்விஸ்ட். அந்த வீரர்களை டல்லாஸ் வெளியே அனுப்பினால் கூடுதல் பிக்குகள் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. டல்லாஸ் வீரர்களை வைத்துக்கொள்ளும் என்று வைக்கிங்ஸ் நினைத்தது. ஜிம்மி ஜான்சனோ ஆரம்பத்திலிருந்தே குறிவைத்தது பிக்குகளை. கடைசியில் டல்லாஸ் பக்கம் 8 பிக்குகள் போய்ச் சேர்ந்தன. அதில் மூன்று முதல் ரவுண்டு, மூன்று இரண்டாவது ரவுண்டு.

வாக்கர் மின்னசோட்டாவில் ஒரு சீசனில்கூட 1000 யார்டு ஓடவில்லை. டல்லாஸ் 1990-ல் வைக்கிங்ஸின் 21-வது பிக்கைப் பயன்படுத்தி 17-வது இடத்துக்கு ஏறி எம்மிட் ஸ்மித்தை எடுத்தது. அவரும் ரன்னிங் பேக்தான். 18,355 யார்டு ஓடி லீக்கின் எல்லா கால சாதனையை வைத்திருப்பவர். 1989-ல் 16 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்த டல்லாஸ், 1992, 1993, 1995 சீசன்களில் சூப்பர் பவுல் வென்றது.

இதிலிருந்து எல்லோரும் 'ரன்னிங் பேக்கை வாங்காதே' என்று பாடம் படித்துவிட்டார்கள். அது பாதிதான் சரி. 1999-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸிடமிருந்து மார்ஷல் ஃபாக்கை வெறும் இரண்டாவது, ஐந்தாவது ரவுண்டு பிக்குகளுக்கு வாங்கியது. அந்த சீசனில் அவர் ஓட்டத்தில் 1,381, பந்து பிடித்து 1,048, மொத்தம் 2,429 யார்டு எடுத்தார். முந்தைய வருஷம் 4-12 என்று இருந்த ராம்ஸ் சூப்பர் பவுல் வென்றது. விலை சரியாக இருந்தால் ரன்னிங் பேக் லாபம்தான்.

எந்த எண்ணைப் பார்ப்பது?

டச்டவுன் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ட்ரென்ட் ரிச்சர்ட்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 டிராஃப்டில் மூன்றாவது பிக். கிளீவ்லாண்ட் பிரவுன்ஸுக்காக முதல் சீசனில் 11 முறை ஓடி டச்டவுன் போட்டார், 950 யார்டு. பார்க்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 3.6 யார்டுதான். லீக் சராசரி நான்குக்கு மேல். 2013 செப்டம்பரில் கோல்ட்ஸ் அணி அவருக்காக ஒரு முதல் ரவுண்டு பிக்கையே கொடுத்தது. அங்கே போய் அந்த சீசனில் அவர் எடுத்த சராசரி 2.9.

(அந்த பிக்கை வைத்து கிளீவ்லாண்ட் மேலே ஏறி எடுத்தது ஜானி மேன்ஸீலை. இரண்டே சீசனில் அவரும் காலி. ஒரு ட்ரேடில் இரண்டு பக்கமும் தோற்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.)

சராசரியையும் அப்படியே நம்பிவிட முடியாது. முன்னால் நின்று வழி திறக்கும் ஐந்து பேர் கொண்ட அஃபென்சிவ் லைன் எப்படி என்பதைப் பொறுத்து அது ஏறி இறங்கும். சக்வான் பார்க்லி 2023-ல் நியூயார்க் ஜயன்ட்ஸில் சராசரி 3.9 யார்டில் 962 யார்டு எடுத்தார். 2024-ல் பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போனார்: சராசரி 5.8, மொத்தம் 2,005, கையில் சூப்பர் பவுல் கோப்பை. ஒரே ஒரு வருஷ இடைவெளிதான். ஆள் மாறவில்லை, முன்னால் நின்றவர்கள் மாறினார்கள். அதனால்தான் முதல் மோதலுக்குப் பிறகு ஒரு வீரர் தானாக எத்தனை யார்டு இழுத்துக்கொண்டு போகிறார் என்பதை அணிகள் தனியாக எண்ணுகின்றன.

அதைவிட முக்கியம், பந்து பிடிக்கத் தெரியுமா என்பது. ஒரே சீசனில் ஓட்டத்தில் 1000, பிடித்ததில் 1000 எடுத்தவர்கள் 2019 வரை மூன்றே பேர்: ரோஜர் கிரெய்க், ஃபாக், அப்புறம் மெக்கஃப்ரி. வெறுமனே ஓடுபவருக்கு மாற்று ஆள் மலிவாகக் கிடைப்பார். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 2022-ல் 251-வது பிக்கில் எடுத்த ஐசையா பச்சேகோ அதே சீசனில் 830 யார்டு ஓடினார், அணியும் சூப்பர் பவுல் வென்றது. 251-வது பிக்கிலேயே இப்படி ஒருவர் கிடைக்கும்போது, இரண்டாவது ரவுண்டு பிக்கை யார் சும்மா கொடுப்பார்கள்?

சம்பளம்தான் மறைந்திருக்கும் விலை

ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2024-ல் அது 25 கோடியே 54 லட்சம் டாலர். ட்ரேடு நடந்தால் முன்பே கொடுத்துவிட்ட போனஸின் பாரம் பழைய அணியின் கணக்கிலேயே விழும்; மீதமுள்ள சம்பளத்தை மட்டும் புது அணி ஏற்கும். மெக்கஃப்ரி 2020-ல் போட்ட நீட்டிப்பு வருஷத்துக்கு சராசரி 1 கோடியே 60 லட்சம் டாலர். ஆனால் பெரும்பகுதியை பாந்தர்ஸ் ஏற்கெனவே போனஸாக மாற்றிக் கொடுத்திருந்ததால், 2022 சீசனின் மிச்சத்துக்கு ஃபார்ட்டி நைனர்ஸ் தர வேண்டியிருந்தது 10 லட்சம் டாலருக்கும் குறைவு. பிக் கணக்கில் விலை அதிகம் என்று திட்டியவர்கள் பலர் இதைக் கவனிக்கவில்லை.

வீரர் பக்கம் பார்த்தால் கணக்கு கொடூரம். டிராஃப்டில் வந்தவருக்கு முதல் நான்கு வருஷம் நிர்ணயித்த சம்பளம்தான். அதுதான் அவருடைய உடம்பு உச்சத்தில் இருக்கும் காலம். அது முடிந்ததும் அணி 'ஃபிராஞ்சைஸ் டேக்' போட்டு இன்னொரு வருஷம் பிடித்து வைக்கலாம். 2023-ல் குவார்ட்டர்பேக்குக்கு அந்த டேக் 3 கோடியே 24 லட்சம் டாலர். ரன்னிங் பேக்குக்கு 1 கோடியைச் சற்றே தாண்டியது. கோபத்தில் அந்த ஜூலையில் லீக்கின் முன்னணி ரன்னிங் பேக்குகள் ஜூமில் கூடிப் பேசினார்கள். கைக்கு எதுவும் கிடைக்கவில்லை.

எத்தனை முறை அடி வாங்கியிருக்கிறார்?

வயதைவிட இதைத்தான் பார்க்க வேண்டும். டிமார்கோ மர்ரி 2014-ல் டல்லாஸுக்காக ஒரே சீசனில் 392 முறை பந்தைத் தூக்கி ஓடினார். 1,845 யார்டு, லீக்கிலேயே முதலிடம். அடுத்த வருஷம் பெரிய ஒப்பந்தத்தில் பிலடெல்பியா போனார். 702 யார்டு, சராசரி 3.6. ஒரே சீசனில் அவரைத் தள்ளிவிட்டது அணி. டென்னசி டைட்டன்ஸ் கொடுத்த விலை என்ன தெரியுமா? இரண்டு அணிகளும் நான்காவது ரவுண்டில் தங்கள் பிக்குகளை மாற்றிக்கொண்டன. பிலடெல்பியா 113-லிருந்து 100-க்கு ஏறியது. 13 இடம், அவ்வளவுதான்.

மெக்கஃப்ரி கதையில் சூதாட்டம் இங்கேதான் இருந்தது. 2020, 2021 இரண்டு சீசனிலும் காயத்தால் மொத்தம் 10 ஆட்டம்தான் ஆடியிருந்தார். அந்தப் பயம் இல்லாவிட்டால் முதல் ரவுண்டு பிக் கேட்டிருப்பார்கள். வந்த பிறகு, 3-4 என்று தடுமாறிய ஃபார்ட்டி நைனர்ஸ் தொடர்ந்து 10 ஆட்டம் ஜெயித்து லீக் சுற்றை 13-4 என்று முடித்தது. 2023-ல் 1,459 யார்டுடன் ஓட்டத்தில் லீக்கிலேயே முதலிடம், அந்த வருஷத்தின் சிறந்த தாக்குதல் வீரர் விருது. 2024-ல் மீண்டும் காயம். ஆடியது 4 ஆட்டம்.

மர்ரிக்கோ டென்னசியில் இன்னொரு நல்ல வருஷம் கிடைத்தது. 2016-ல் 1,287 யார்டு. 2018 ஜூலையில் ஓய்வு அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 30.