தடித்த கோடுகள்

சரக்கு எந்த வழியாக எவ்வளவு போயிற்று என்று காட்டுவதற்கென்றே தேசப்படங்கள் வரைந்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஷார்ல் மினார். 1860களில் அவர் வெளியிட்ட பருத்திப் படங்களில் கோட்டின் தடிமன்தான் சரக்கின் அளவு. 1858க்கான படத்தில் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் பட்டை கடலை அடைத்துக்கொண்டிருக்கிறது. 1864க்கான படத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரினால் அது நூலாகிவிட, இந்தியப் பட்டை பருத்துப்போய் ஆப்பிரிக்காவைச் சுற்றி வருகிறது. பட்டைகளுக்கு இடம் போதாதபோது மினார் கரைகளைத் தள்ளிவைத்தார். ஜிப்ரால்டர் ஜலசந்தி அகன்றது. சரக்குக்கு நிலம் வழிவிட வேண்டும் என்பதை இத்தனை நேர்மையாக வேறு யாரும் வரைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நம் ஊரில் நிலம் நிஜமாகவே வழிவிட்டிருக்கிறது. கோட்டூர்புரம் ரயில் நிலையத்தை ஒட்டிக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாயைச் சாக்கடை என்று மட்டுமே அறிந்தவர்கள்தான் அதிகம். 1806இல் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கியது. பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டு வடக்கே ஆந்திரத்துக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் நீட்டியது. உப்பு, சவுக்கு விறகு, நெல், கிளிஞ்சல் எல்லாம் இதில் வந்தன. ஆனால் நகரத்துக்குள், கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே ஐந்து மைல் வெகுகாலம் வெட்டப்படாமல் கிடந்தது. வடக்கே ஒரு கோடு, தெற்கே ஒரு கோடு, நடுவில் வெற்றுத்தாள். அதை நிரப்பியது தாது வருஷப் பஞ்சம்.

1877–78இல் பசித்தவர்களுக்கு நிவாரண வேலையாக இந்த ஐந்து மைல் கொடுக்கப்பட்டது. 1877 ஜனவரியில் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்டு டெம்பிள் நிவாரணக் கூலியைக் குறைத்தார். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா. பெண்ணுக்கும் வேலை செய்யும் குழந்தைக்கும் அதிலும் குறைவு. ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும் என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். மார்ச்சில் சற்றே கூட்டி, கொஞ்சம் பருப்பும் சேர்த்தார்கள். அதே பஞ்ச காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு 3,20,000 டன் கோதுமை ஏற்றுமதியாயிற்று. மினார் 1870இல் இறந்துவிட்டார். இருந்திருந்தால் இதையும் ஒரு பட்டையாக வரைந்திருப்பார், நன்றாகவும் வரைந்திருப்பார். அவர் முறையில் கப்பலேறும் தானியம் தெரியும். மண் சுமந்தவனுக்கு அளந்து போட்ட ஒரு பவுண்டு தெரியாது. அது எங்கும் பிரயாணம் போகவில்லை அல்லவா?

கால்வாய்க்கு கவர்னரின் பெயரை வைத்தார்கள்.

படகுகள் எப்படி நகர்ந்தன என்பதும் படங்களில் இல்லை. அதற்குப் பாரதிதாசனிடம்தான் போகவேண்டியிருக்கிறது. அவரை உரத்த குரல் என்று ஒதுக்குவது நம் வட்டத்தில் வழக்கம். ஆனால் இதே கால்வாயில் படகில் போனதைப் பற்றிய 'மாவலிபுரச் செலவு' கவிதையில், உல்லாசப் பயணத்தின் நடுவே, கரையில் கயிறு பிடித்து இழுப்பவர்களை அவர் பார்த்துவிடுகிறார். நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம் என்பது சந்தேகம்.

1965, 1966 புயல்களில் கால்வாய் சேதப்பட்டது. ஏற்கெனவே தூர்ந்துகொண்டிருந்த வழி. 2004இல் பறக்கும் ரயில் கோட்டூர்புரத்தைத் தாண்டித் திருவான்மியூர் போயிற்று. 2008இல் இதே கால்வாய் நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அந்த நீர்வழிக்குக் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை நீலக்கோடு போட்டுவிடலாம். மயிலாப்பூர்ப் பக்கம் ரயிலின் தூண்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன.