பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறவர்கள்

ஒரு விமானத்தை வடிவமைத்தவரின் பெயர் பத்திரிகையில் வரும். முதலில் ஓட்டிய விமானியின் படமும் வரும். "இது பறக்கலாம்" என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. மதுரையில் விமானம் ஏறி துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நம்மில் பலருக்கும் அந்தக் கையெழுத்தோடு சம்பந்தம் உண்டு. அதனால் இந்தப் பதிவு அவர்களைப் பற்றி.

பழைய விமானங்களில் விமானி கைப்பிடியை இழுத்தால் கம்பியும் கப்பியும் வழியாக இறக்கையில் உள்ள தகடு அசையும். நம் கிணற்றுக் கமலை மாதிரி, கண்ணுக்குத் தெரிகிற வேலை. இன்றைய போர் விமானங்களில் கைப்பிடியின் அசைவு மின்சமிக்ஞையாகி கம்ப்யூட்டருக்குப் போகிறது. தகட்டை எவ்வளவு அசைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது.

நம் நாட்டில் இந்த விஷயம் பெரிதாக எழுந்தது இலகு ரகப் போர் விமானத் திட்டத்தில்தான். இன்று தேஜஸ் என்கிறோம். 1983-ல் அனுமதி கிடைத்து, 1984-ல் அதற்கென்றே பெங்களூரில் விமான மேம்பாட்டு முகமை (ஏ.டி.ஏ.) தொடங்கப்பட்டது. சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காக, இயல்பிலேயே நிலையில்லாதபடி வடிவமைக்கப்பட்ட விமானம் அது. கம்ப்யூட்டர் இல்லாமல் எப்பேர்ப்பட்ட விமானியாலும் அதை நேராகப் பிடித்து ஓட்ட முடியாது.

ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கட்டும் என்று நான்கு தடக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். நான்கும் ஒரே கணக்கைப் போடும். ஒன்றின் விடை மட்டும் மாறினால் மற்றவை அதை ஒதுக்கிவிடும். கருவி பழுதுக்கு இது நல்ல காப்பு. ஆனால் நான்கிலும் ஓடுவது ஒரே மென்பொருள். அதில் ஒரு தப்பு இருந்தால் நான்கும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி தப்புச் செய்யும். ஒதுக்குவதற்கு ஆள் இருக்காது. எனவே மென்பொருளைப் பறப்பதற்கு முன்பே சல்லடை போட்டுச் சலித்தாக வேண்டும்.

இது வீண் பயமில்லை. சுவீடனின் கிரிப்பன் விமானம் 1989-ல் தரையிறங்கும்போது விழுந்தது. 1993-ல் இன்னொரு கிரிப்பன் ஸ்டாக்ஹோம் நகரத்தில், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே விழுந்தது. நடுவில் 1992-ல் அமெரிக்காவின் ஒய்.எஃப்-22 ஓடுபாதையில் விழுந்தது. மூன்றிலும் விமானிகள் பிழைத்தார்கள். மூன்றிலும் கோளாறு, விமானியின் கைக்கும் கம்ப்யூட்டரின் கணக்குக்கும் இடையே.

இதையெல்லாம் நம்மவர்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள். 1995 நவம்பர் 17 அன்று முதல் விமானம் கொட்டகையை விட்டு வெளியே வந்தது. ஆனால் பறக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. "வெள்ளை யானை" என்று கேலி பேசாதவர் குறைவு. அந்த ஆண்டுகளில் நடந்தது சோதனை. தேசிய வானூர்தி ஆய்வகத்தின் தலைமையில் அமைந்த குழு, ஷியாம் செட்டியின் பொறுப்பில், கட்டுப்பாட்டு விதிகளை எழுதியது. 1996-ல் அந்த விதிகளை அமெரிக்காவில் ஒரு எஃப்-16 சோதனை விமானத்தில் ஏற்றி, ஆகாயத்திலேயே நம் விமானிகள் ஓட்டிப் பார்த்தார்கள்.

1998 மே மாதம் பொக்ரான் குண்டு வெடித்தது. அப்போது பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் நம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்காரரான அப்துல் கலாம். அமெரிக்கா தடை போட்டது. லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தில் நம் விமானத்தின் கட்டுப்பாட்டுக் கருவிகளில் வேலை செய்துகொண்டிருந்த இந்தியப் பொறியாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மீதி வேலையை பெங்களூரிலேயே முடித்தார்கள். இறக்கைத் தகடுகளை அசைக்கும் கருவிகளையும் எண்ணெய் அழுத்தக் குழாய்களையும் அசல் போலவே தரையில் பரப்பி, "இரும்புப் பறவை" என்ற அமைப்பில் மணிக்கணக்கில் ஓட்டினார்கள்.

சரி, சான்று கொடுப்பவர் என்ன பார்க்கிறார்? விபத்தில் கொண்டுபோய்விடும் கோளாறு 100 கோடிப் பறக்கும் மணி நேரத்துக்கு ஒருமுறைகூட வரக்கூடாது என்பது பயணிகள் விமானங்களுக்கான உலக வழக்கு. 100 கோடி மணி என்றால் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் ஆண்டு. அத்தனை காலம் ஓட்டிப் பார்த்து யாராலும் சான்று தர முடியாது. அதனால் மென்பொருள் எப்படி எழுதப்பட்டது என்பதையே சோதிக்கிறார்கள். டிஓ-178 என்ற விதித்தொகுப்பு இதற்காக 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாகி, 1992-லும் 2011-லும் பெரிய அளவில் திருத்தப்பட்டது. மென்பொருளை ஏ முதல் ஈ வரை ஐந்து படியாகப் பிரிக்கிறது. இருக்கைக்கு முன்னால் படம் காட்டும் பெட்டி கெட்டால் படம் நிற்கும், அவ்வளவுதான். அது கடைசிப் படி. உயிர் போகும் என்றால் ஏ படி.

ஏ படிக்கு இன்றைய விதிப்படி 71 குறிக்கோள்கள். ஒவ்வொரு தேவைக்கும் எந்த வரி எழுதப்பட்டது, அந்த வரிக்கு எந்தச் சோதனை நடந்தது என்று பேரேட்டையும் வவுச்சரையும் ஒத்துப்பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். யாரும் கேட்காத ஒரு வரி உள்ளே இருந்தாலும் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அந்த 71-ல் 30-ஐ, செய்தவர் அல்லாத வேறொருவர்தான் சரிபார்க்க வேண்டும். அருப்புக்கோட்டைத் தறிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இழை விட்டது நெய்தவர் கண்ணில் சட்டென்று படாது. துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும் அடுத்தவர் கண்ணில்தான் படும்.

ராணுவ விமானங்களுக்கு நம் நாட்டில் அந்த அடுத்த கண், பெங்களூரில் உள்ள செமிலாக் என்ற சான்றளிப்பு மையம். அதன் தலைவர்களாக இருந்தவர்களில் கே. தமிழ்மணியும் ஒருவர். தரத்தைப் பார்க்க வானூர்தித் தர உறுதி இயக்குநரகம் தனியாக உண்டு. இவர்கள் சம்மதித்த பிறகுதான் 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் முதல்முறையாக ஏறினார். 18 நிமிடம் பறந்து, பத்திரமாக இறங்கினார்.

அதன்பின் 23 ஆண்டுகள் ஒரு தேஜஸ்கூட விழவில்லை. முதல் விபத்து 2024 மார்ச் 12 அன்று ஜெய்சல்மேர் அருகே, விமானி தப்பினார். 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் காட்சியில் இன்னொன்று விழுந்தது. அந்த விமானி தப்பவில்லை. எந்தச் சான்றும் முழு உத்தரவாதம் ஆகாது. ஆனால் புத்தம்புது விமானம் ஒன்று இத்தனை ஆண்டு விழாமல் பறந்ததில் அந்த ஐந்து வருடக் காத்திருப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

காத்திருக்காதவர்கள் கதையும் இருக்கிறது. போயிங் 737 மேக்ஸ் விமானத்தில், மூக்கைத் தானாகக் கீழே அழுத்தும் ஒரு மென்பொருள் இருந்தது. அது ஒரே ஒரு உணர்கருவியை நம்பியது. கருவி தப்பாகச் சொன்னால், மென்பொருள் தனக்குச் சொன்னதைச் சரியாகச் செய்து விமானத்தைக் கீழே தள்ளும். 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது: சான்றளிக்கும் வேலையில் கணிசமான பகுதியை அமெரிக்க அரசு போயிங் ஊழியர்களிடமே விட்டிருந்தது. அந்த ஊழியர்களுக்குத் தேதியின் நெருக்கடியும் இருந்தது. 2020 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தை இறுக்கியது. அதற்கு 346 உயிர் போக வேண்டியிருந்தது.

நம் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுக்கொருவர் பொறியியல் படிக்கிறார்கள். எழுதுகிற வேலையைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். சரிபார்க்கிற வேலை என்றால் முகம் சுளிக்கிறார்கள். பொறுமையும், மேலதிகாரி அவசரப்படுத்தும்போது "இன்னும் ஆகவில்லை" என்று சொல்கிற துணிவும் உள்ள பேரனோ பேத்தியோ உங்கள் வீட்டில் இருந்தால், இப்படி ஒரு தொழில் இருப்பதைச் சொல்லிவையுங்கள்.