சுங்கமும் கொடையும்: 1843இல் நிறைவுற்ற இரு ஆற்றுவழிகள்

சாலையில் தண்டப்பட்ட வரியைச் சங்க இலக்கியம் 'உல்கு' என்கிறது. மிளகுப்பொதி சுமந்த கழுதைகள் செல்லும் உல்குடைய பெருவழியைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அவ்வரியை நீக்கிய முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயர் நிலைத்தது. வரியை நீக்கியதே ஒரு மன்னனின் விருதுப் பெயராயிற்று எனில், வழிப்போக்கர்மீது அது எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்பது விளங்கும். எனினும் சுங்கம் நீங்கிய வழியையும் யாரோ ஒருவர் பொருள் செலவிட்டே பேண வேண்டும். அப்பொருளை யார் தருவது என்னும் வினாவுக்கு ஒரே காலத்தில் இரு வேறு விடைகள் கிடைத்த இரண்டு இடங்களை இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

முதலாவது கனடாவில் உள்ளது. மொன்றியால் தீவின் மேற்கு முனையான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒட்டாவா ஆற்றின் நீர் வேகச்சுழல்களாகப் பாய்கிறது. அதைத் தவிர்க்க, பெரோ தீவின் மறுபுறம் வோத்ரேய் அருகே 1816இல் தனியார் மதகுப் பூட்டு ஒன்று அமைந்தது. நீர்மட்டத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் படகுகளைக் கடத்திவிடும் அமைப்பு அது. காலப்போக்கில் அதனைக் கைக்கொண்ட கப்பல் நிறுவனம் ஆற்று வாணிகத்தையே தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. சுங்கச்சாவடியின் இயல்பான தீங்கு இதுவே: கட்டணத்தினும் கொடியது, கதவைத் திறப்பவனே போட்டி வணிகனாகவும் இருப்பது. 1841இல் ஷெப்பர்ட் என்னும் படகுத் தலைவர் சென்ட்-ஆன் சுழல்களினூடே வேறொரு நீர்த்தடத்தைக் கண்டறிந்தார். ஏகபோகம் ஆட்டம் கண்டது. 1840இல் தொடங்கிய அரசின் மதகுப் பூட்டு 1843இல் சென்ட்-ஆனில் நிறைவுற்றது.

அதே 1843இல் தாமிரபரணியின் குறுக்கே திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் பாலம் எழுந்தது. ஒரு கரையில் நெல்லையப்பர் கோயிலும் கடைவீதிகளும். மறுகரையில் கோட்டையும் படையும். இடையே தோணியன்றி வழியில்லை. வெள்ளக் காலத்தில் அதுவும் இல்லை. கலெக்டர் தாம்சன் காலத்தில் கேப்டன் ஹார்ஸ்லி பாலத்தை வடிவமைத்தார். அறுபதடி அகலமுள்ள பதினொரு வளைவுகள். நீளம் ஏறத்தாழ 760 அடி. செலவு அரை லட்சம் ரூபாய். அக்காலத்தில் இது பெருந்தொகை. கலெக்டர் அலுவலகச் சிரஸ்தார் சுலோசன முதலியார் அதனைத் தாமே ஏற்றார். பொதுமக்களிடம் தண்டும் பேச்சு எழுந்தபோது அவர் முன்வந்தார் என்றும், மனைவியின் நகைகளும் அதற்குச் சென்றன என்றும் நெல்லை வழக்கு கூறும். கொடையாக எழுந்ததால், கடப்போரிடம் திரும்பப் பெறவேண்டிய கடன் எதுவும் அப்பாலத்தின்மேல் இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. இப்பாலத்துக்கு முன்மாதிரி இலண்டனின் வாட்டர்லூ பாலம் என்பர். 1817இல் திறக்கப்பட்ட அது, பங்குதாரர் நிறுவனம் ஒன்று சுங்கத்தை நம்பிக் கட்டியது. கட்டணமில்லாத பிற பாலங்களை மக்கள் நாடினமையால் பங்குதாரர்களுக்கு உரிய வருவாய் வரவில்லை. 1878இல்தான் அதன் சுங்கம் ஒழிந்தது. ஆகவே தேம்சிலிருந்து தாமிரபரணிக்கு வந்தது கல்வளைவின் வடிவமே. கணக்குப் புத்தகம் வரவில்லை. அதன் இடத்தில் சத்திரமும் குளமும் வெட்டிவைத்த பழைய அறக்கொடை மரபு நின்றது. கொடுத்தவர் கம்பெனி அரசின் ஊழியர் என்பதை மறந்து அதை மரபின் தொடர்ச்சியாக மட்டும் கொள்வதும் பொருந்தாது; அரசு செய்யவேண்டியதை அதன் சிரஸ்தார் செய்தார்.

கொடைக்கு ஒரு குறையும் உண்டு. அது கட்டித் தருகிறது. தொடர்ந்து பேணுவதற்கு ஏற்பாடு செய்வதில்லை. 1869 வெள்ளத்தில் பாலத்தின் வளைவுகள் சில இடிந்தன. 1871இல் அவை சீராயின. முதலியார் தந்த தொகை அதற்கு உதவியிருக்க இயலாது. சென்ட்-ஆனில் அரசே உரிமையாளராதலால் 1880களில் பெரிய மதகுப் பூட்டைப் புதிதாகக் கட்ட முடிந்தது. கனடாவின் கால்வாய்ச் சுங்கம் 1903இல் நீங்கியது. ஆனால் மொன்றியாலின் ஜாக் கார்த்தியே பாலத்தில் 1930 முதல் 1962 வரை வண்டிகள் சுங்கம் செலுத்தியே கடந்தன. சாம்ப்ளேன் பாலத்தில் அது 1990 வரை நீடித்தது.