அமுக்குச் சுருள்வில்லில் தகைவுக் கணக்கீடு: வரலாறு

அமுக்குச் சுருள்வில் என்பது கம்பியைச் சுருளாகச் சுற்றிச் செய்யப்படும், அழுத்தினால் குறுகி விட்டால் மீளும் உறுப்பாகும். இன்று 'ஸ்பிரிங்' என்றே பரவலாக அழைக்கப்படுகிறது.

விசைக்கும் நீட்சிக்கும் உள்ள நேர்விகிதத்தை இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1676இல் எழுத்துகளைக் குலைத்து அடுக்கிய புதிராக வெளியிட்டார். 1678இல்தான் விடையைக் கூறினார். ஆனால் அவ்விதி கம்பிக்குள் எழும் தகைவு எவ்வளவு என்று சொல்லவில்லை.

சுருள்வில்லை அழுத்தும்போது கம்பி உண்மையில் முறுக்கப்படுகிறது. பார்வைக்குப் புலப்படாத இச்செய்தியை, கெல்வின் பிரபுவின் தமையன் ஜேம்ஸ் தாம்சன் 1848இல் தம் கட்டுரையில் விளக்கினார். முறுக்கத்தைக் கொண்டு கணக்கிட்டால், சறுக்குப்பெயர்ச்சித் தகைவைப் பெற விசையையும் சுருளின் சராசரி விட்டத்தையும் பெருக்கி, அதை 8 மடங்காக்கி, கம்பி விட்டத்தின் மும்மடியையும் பையையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும்.

இவ்வாய்பாடு கம்பியை நேரான தண்டாகக் கருதுகிறது. குறை அங்கேதான். வளைந்த கம்பியில் உட்பக்க இழைகள் குட்டையானவை. ஒரே முறுக்குக் கோணம் அவற்றில் மிகுந்த திரிபை உண்டாக்கும். நேரடிச் சறுக்கு விசையும் அப்பக்கத்திலேயே கூடுகிறது. எஞ்சின் வால்வு போல இலட்சக்கணக்கான முறை அழுந்தி மீளும் சுருள்வில்களில் விரிசல் பெரும்பாலும் உட்பக்கத்தில் தொடங்குவது இதனால்தான்.

வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஏ. எம். வால், 1929இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்க வெளியீட்டில் இதற்கான திருத்தக் காரணியைத் தந்தார். சுருளின் விட்டத்தைக் கம்பி விட்டத்தால் வகுத்த எண்ணை மட்டுமே அது சார்ந்தது. அந்த எண் 10 எனில் காரணி சுமார் 1.14, 4 எனில் 1.40.

எடுத்துக்காட்டாக, 4 மி.மீ. கம்பி, 20 மி.மீ. சுருள், 300 நியூட்டன் விசை. பழைய வாய்பாடு தரும் தகைவு 239 மெகாபாஸ்கல். விகிதம் 5 என்பதால் வால் காரணி 1.31, திருத்திய தகைவு 313. முதல் எண்ணை நம்பி எஃகைத் தேர்ந்தவர், பாதுகாப்பு என்று ஒதுக்கியதில் பெரும்பகுதியை அறியாமலே இழந்திருப்பார்.

மாறாச் சுமைக்கு முழுக் காரணியும் தேவையில்லை. உட்பக்கம் சிறிது இளகித் தகைவைப் பகிர்ந்துகொள்ளும். வாலின் 'மெக்கானிக்கல் ஸ்பிரிங்ஸ்' நூல் 1944இல் வெளிவந்தது. அவரது காரணி இன்றும் வடிவமைப்புப் பாடநூல்களில் இடம்பெறுகிறது.